எரிந்தது எவ்வளவு?



உடற்பயிற்சியின்போது எரியும் கலோரியை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். உடலியங்கியல் கற்பித்து வந்தவள் என்ற முறையில் எனக்கு இது நெருக்கமான பொருள். ஜிம்முக்குப் போகிறவர்களுக்குப் பயன்படும் குறிப்புகளாக இதைச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. வேலை செய்யும் உடல் எவ்வளவு செலவழிக்கிறது என்ற கேள்வி, உழைக்கிறவருக்கு எவ்வளவு சோறு வேண்டும் என்ற கேள்வியோடு ஒட்டிப் பிறந்தது. இன்று அந்த இரண்டும் பிரிந்து கிடக்கின்றன. எப்படிப் பிறந்தது, எங்கே பிரிந்தது என்பதைச் சொன்னால்தான் கையில் கட்டியிருக்கும் வாட்ச் காட்டும் எண்ணை என்ன செய்வது என்பதும் விளங்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்மார்ட் வாட்ச் கலோரியை அளப்பதில்லை. கை அசைவதை அளக்கிறது. தோலுக்கடியில் பச்சை ஒளியைச் செலுத்தி, ரத்தம் துடித்து ஓடுவதை அளக்கிறது. நீங்கள் பதிவு செய்த வயது, எடை, உயரம், பாலினம் ஆகியவற்றை இவற்றோடு சேர்த்து ஒரு சூத்திரத்தில் போடுகிறது. அந்தச் சூத்திரம் தரும் விடைதான் திரையில் தெரிகிறது. டிரெட்மில்லில் ஒளிரும் எண்ணும் இப்படித்தான்; பல இயந்திரங்கள் நாடித்துடிப்பைக்கூடக் கேட்பதில்லை. உடல் எரித்ததை உண்மையாகவே அளக்க வேண்டுமானால் அது வெளிவிடும் வெப்பத்தை அளக்க வேண்டும், அல்லது அது உள்ளிழுத்து வெளிவிடும் மூச்சை அளக்க வேண்டும்.

இந்த இரண்டு வழிகளையும் திறந்துவைத்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர். 1782-83 குளிர்காலத்தில் கணிதமேதை லாப்லாஸோடு சேர்ந்து, சுற்றிலும் பனிக்கட்டி நிரப்பிய ஒரு பாத்திரத்துக்குள் ஒரு கினிப்பன்றியை வைத்தார். அதன் உடல்சூட்டில் எவ்வளவு பனி உருகி நீராக வடிந்தது என்று எடைபோட்டார். அதே பிராணி வெளிவிட்ட கரியமில வாயுவையும் அளந்தார். கரியை எரித்தால் வரும் வெப்பத்துக்கும் இதற்கும் உள்ள நெருக்கத்தைக் கண்டு, மூச்சுவிடுதல் ஒரு மெதுவான எரிதல் என்று நிறுவினார். சில ஆண்டுகள் கழித்து மனிதர்மேலேயே சோதனை நடந்தது. சோதனைக்கு உட்கார்ந்தவர் அவருடைய உதவியாளர் செகுவின். முகத்தில் ஒரு கவசம், அதிலிருந்து வாயு சேகரிக்கும் கலத்துக்கு ஒரு குழாய், காலடியில் மிதிப்பதற்கு ஒரு பலகை. இந்தக் காட்சியை லவாய்சியரின் மனைவி மாரி-ஆன் பால்ஸ் வரைந்திருக்கிறார். படத்தின் ஓரத்தில் மேசை முன் அமர்ந்து அளவுகளை எழுதிக்கொண்டிருக்கும் பெண்ணும் அவரே. உடலுழைப்பின் செலவு முதன்முதலாகத் தாளில் ஏறியபோது அதை எழுதிய கை ஒரு பெண்ணுடையது. இதை நான் மாணவிகளிடம் சொல்லாமல் விட்டதில்லை.

சும்மா இருக்கும்போதைவிட உணவு செரிக்கும்போதும், குளிரிலும், எல்லாவற்றுக்கும் மேலாக உழைக்கும்போதும் ஆக்சிஜன் செலவு கூடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். அந்த முடிவிலிருந்து லவாய்சியர் நேராகப் போன இடம்தான் என்னை இந்தப் பாடத்தில் கட்டிப்போட்டது. 1789இல் எழுதிய கட்டுரையில் அவர் கேட்கிறார்: தோள்வலுவால் பிழைக்கும் ஏழை மற்றவர்களைவிட அதிகமாகத் தன்னையே எரித்துக்கொள்கிறான்; ஆனால் அதை ஈடுகட்டத் தேவையான உணவு அவனிடம் இல்லை; அவ்வளவு தேவைப்படாத செல்வனிடம் குவிந்து கிடக்கிறது; இது எப்படி நேர்ந்தது? பிரெஞ்சுப் புரட்சி வெடித்த ஆண்டு அது. வரி வசூல் நிறுவனத்தில் பங்குதாரராக இருந்த அவரையே 1794 மே 8ஆம் தேதி அந்தப் புரட்சி கில்லட்டினுக்கு அனுப்பியது. ஆக்சிஜன் கணக்கும் சோற்றுக் கணக்கும் ஒரே கட்டுரையில், ஒரே மூச்சில் எழுதப்பட்டன என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

நூறாண்டு கழித்து, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து மிடில்டவுன் நகரில், வெஸ்லியன் பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் அடித்தளத்தில் வில்பர் அட்வாட்டர் என்ற வேதியியலாளர், இயற்பியலாளர் ரோசாவின் துணையோடு ஓர் அறை கட்டினார். உள்ளே செம்புத் தகடு. மடக்குக் கட்டில், நாற்காலி, மேசை ஆகியவற்றோடு ஒரு மனிதர் நாள்கணக்கில் அதற்குள் வாழ்ந்தார். உணவு ஒரு சிறு துளை வழியாகப் போகும். கழிவு அதேபோல வெளியே வரும், எடைபோடப்படும். அவர் உடல் விடும் வெப்பத்தை, குழாய்களில் ஓடும் குளிர்ந்த நீர் ஏந்திக்கொண்டு வெளியேறும். நீர் எவ்வளவு ஓடியது, எத்தனை டிகிரி சூடேறியது என்று பார்த்தால் வெப்பக் கணக்கு வந்துவிடும். உடற்பயிற்சிக்கு ஓரிடத்தில் நிற்கும் மிதிவண்டியும் உண்டு. உண்ட உணவு தர வேண்டிய வெப்பத்தையும், உடல் வெளியிட்ட வெப்பத்தையும் ஒப்பிட்டபோது இரண்டும் ஏறத்தாழ அச்சாகப் பொருந்தின. மாவுச்சத்து கிராமுக்கு 4, புரதம் 4, கொழுப்பு 9 கிலோகலோரி என்று பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தில் இன்றும் நாம் பார்க்கும் கணக்கு அட்வாட்டரின் உழைப்பு. அவரும் குறைந்த கூலியில் வாழும் தொழிலாளர் குடும்பம் காசுக்கேற்ற சத்துணவை எப்படி வாங்குவது என்பதில் அக்கறை கொண்டிருந்தவர்தான்.

அறைக்குள் ஆளை அடைத்து அளப்பது துல்லியமானது. ஆனால் அறைக்குள் யாரும் வயல் உழ முடியாது, மலை ஏற முடியாது. எனவே வெப்பத்தை விட்டுவிட்டு மூச்சைப் பிடித்தார்கள். 1911இல் ஆக்ஸ்போர்டின் டக்ளஸ், ரப்பர் பூச்சுள்ள துணிப்பை ஒன்றை உருவாக்கினார். முதுகில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். வெளிவிடும் காற்று முழுவதும் அதில் சேரும்.

டக்ளஸ் பையை மாணவர்களிடம் காட்டாமல் இந்தப் பாடத்தை நான் நடத்தியதில்லை. மூக்கைக் கிளிப்பால் அடைத்து, ரப்பர் வாய்க்குழாயைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். உள்ளிழுக்க ஒரு வால்வு, வெளிவிட ஒரு வால்வு. ஒவ்வொரு மூச்சுக்கும் டிக், டிக் என்று சத்தம் வரும். இரண்டே நிமிடத்தில் வாயெல்லாம் எச்சில் ஊறி முகவாயில் வழியும், விழுங்கவும் முடியாது. தட்டையாகக் கிடந்த பை மெல்ல மெல்லப் புடைக்கும். சாதாரண வேகத்தில் நடக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 18 லிட்டர் காற்றை வெளிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 லிட்டர் பை ஐந்தரை நிமிடத்தில் நிறைந்துவிடும். உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். பையில் சேர்ந்த காற்றில் 17 சதவீதம். காணாமல் போன 4 சதவீதம்தான் உடல் எடுத்துக்கொண்டது: 18 லிட்டரில் 0.72 லிட்டர். ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கு உடல் ஏறத்தாழ 5 கிலோகலோரி எரிக்கிறது. ஆக, நிமிடத்துக்கு 3.6, ஒரு மணி நேரம் நடந்தால் 216 கிலோகலோரி.

இந்த 5 என்ற எண்ணின் உறுதியை நினைத்து நான் எப்போதும் வியப்பதுண்டு. கொழுப்பு எரிந்தால் லிட்டருக்கு 4.7, மாவுச்சத்து எரிந்தால் 5.05. இட்லி சாப்பிட்டவரோ பட்டினி கிடந்தவரோ, வித்தியாசம் அவ்வளவுதான். வெளிவந்த கரியமில வாயுவையும் அளந்துவிட்டால் அந்த வித்தியாசத்தையும் சரிசெய்துகொள்ளலாம். 1949இல் வீர் என்பவர் தந்த சமன்பாடு அதைத்தான் செய்கிறது. மூச்சை அளந்தால் நாம் உறுதியான தரையில் நிற்கிறோம். மூச்சை அளக்காமல் எண் சொல்லத் தொடங்கும்போதுதான் தரை இளகுகிறது.

எல்லாருக்கும் பை மாட்ட முடியாது என்பதால் அட்டவணைகள் வந்தன. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆகும் செலவை 1 மெட் என்று வைத்தார்கள்: எடையில் கிலோவுக்கு, நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன். அல்லது கிலோவுக்கு, மணிக்கு 1 கிலோகலோரி. ஒவ்வொரு வேலையும் இதைப்போல் எத்தனை மடங்கு என்று பட்டியலிட்டார்கள். பார்பரா எய்ன்ஸ்வொர்த் குழுவினர் 1993இல் வெளியிட்டுப் பின்னர் பலமுறை புதுப்பித்த தொகுப்பில், மணிக்கு 5 கிலோமீட்டர் வேக நடை சுமார் 3.5 மெட். 60 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் நடந்தால் 60 × 3.5 = 210. நம் பைக் கணக்கின் 216க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கூட்டத்தின் சராசரிக்கு இந்த அட்டவணை நன்றாகவே பொருந்தும். ஒரு தனி மனிதருக்கு அது பொருந்துமா என்பது வேறு கேள்வி.

அந்த 3.5 யாருடைய உடல்? 70 கிலோ எடையுள்ள, 40 வயது ஆண். 769 பேரை ஓய்வு நிலையில் அளந்து 2005இல் வெளியிட்டபோது சராசரி 2.6 மில்லிலிட்டர்தான் வந்தது. அதாவது ஓய்வுச் செலவு அட்டவணையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் கூட்டிச் சொல்லப்பட்டிருந்தது. வேகமாக ஓடுகிறவருக்கு இதனால் பெரிய பாதகமில்லை. ஓட்டத்தின் செலவில் ஓய்வின் பங்கு சிறியது. மெல்ல நடக்கிறவர், யோகாசனம் செய்கிறவர், நின்றுகொண்டு வேலை பார்க்கிறவர் ஆகியோருக்குப் பிழை பெரிதாக விழும்.

ஓய்வுச் செலவைக் கணிக்கச் செயலிகள் பயன்படுத்தும் சமன்பாடுகளின் பிறப்பிடங்களையும் பாருங்கள். 1919இல் வெளிவந்த ஹாரிஸ்-பெனடிக்ட் சமன்பாடு, பாஸ்டன் நகர ஆய்வகத்தில் திரட்டிய 136 ஆண்கள், 103 பெண்கள் ஆகியோரின் அளவுகளிலிருந்து வந்தது. 1990இன் மிஃப்ளின்-செயின்ட் ஜியார் சமன்பாடு 498 அமெரிக்கர்களிடமிருந்து வந்தது. 1985இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் ஏற்றுக்கொண்ட ஷோஃபீல்டு சமன்பாட்டின் தரவில் ஏறத்தாழ பாதி இத்தாலியர்கள். அவர்களில் ராணுவத்தினர் பலர். இவையெல்லாம் நேர்மையான உழைப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திருநெல்வேலியில் 52 கிலோ எடையுள்ள ஒரு பெண்மணி செயலியில் தன் எடையைப் பதிவு செய்யும்போது, இந்த பாஸ்டன்காரர்களும் இத்தாலியச் சிப்பாய்களும்தான் அவர் சார்பாகப் பதில் சொல்கிறார்கள்.

இந்த அளவுகோல்கள் நம் உடலுக்குப் பொருந்துமா என்ற கேள்வியை நம் சென்னையில் ஒருவர் 1930களிலேயே எழுப்பினார். எலினோர் மேசன். மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றியவர். ஹாரிஸ்-பெனடிக்ட் இணையில் இரண்டாமவரான அதே பாஸ்டன் பெனடிக்டோடு சேர்ந்து, தென்னிந்தியப் பெண்களின் அடிப்படை வளர்சிதை மாற்றத்தை அளந்தார். ஆய்வுக் கட்டுரை 1931இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது. அமெரிக்க அளவுகோல் சொன்னதைவிட நம் பெண்களின் அளவு கணிசமாகக் குறைந்திருந்தது. தான் உருவாக்கிய அளவுகோலே பொருந்தாத உடல்கள் உண்டு என்று காட்டும் கட்டுரையில் பெனடிக்ட் தன் பெயரைப் போட்டுக்கொண்டார்; அதை நான் மதிக்கிறேன். மேசன் அத்தோடு நிறுத்தவில்லை. இது இனத்தாலா, வெயிலாலா என்று தெரிய வேண்டும் என்பதற்காகத் தென்னிந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியப் பெண்களையும் அளந்தார். தட்பவெப்பம் மாறினால் அளவு மாறுகிறதா என்றும் பார்த்தார். 1934இல் அதையும் வெளியிட்டார். பல பத்தாண்டுகள் கழித்தும் பம்பாயில் இதே ஆய்வைத் தொடர்ந்தார். சென்னையின் அறிவியல் வரலாறு பேசும்போது இவர் பெயர் வருவதே இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அவர் கண்ட வித்தியாசத்துக்கு விளக்கம் பின்னால் வந்தது. எடை ஒன்றாக இருந்தாலும் உடலின் கட்டுமானம் ஒன்றாக இருப்பதில்லை. இந்தியர்களையும் ஆஸ்திரேலியர்களையும் ஒப்பிட்டு 1998இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பு நீங்கலான உடல் எடையைக் கணக்கில் எடுத்ததும் வித்தியாசம் மறைந்துவிட்டது. நம் ரத்தத்தில் சிக்கனம் ஒன்றும் ஊறியிருக்கவில்லை. அதே எடையில் நம்மிடம் தசை குறைவு, கொழுப்பு அதிகம். எரிப்பது பெரும்பாலும் தசையும் உள்ளுறுப்புகளுமே. எடை, உயரம், வயது மட்டும் கேட்கும் எந்தச் சூத்திரத்துக்கும் இது தெரியாது. ஆகவே நம்மவர்களில் பலருக்குச் செயலி காட்டும் எண் பிழையாவதோடு, ஒரே திசையில், கூடுதலாகவே பிழையாகிறது.

இனி வாட்ச்சுக்கு வருகிறேன். 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் கையில் கட்டும் ஏழு கருவிகளை 60 தன்னார்வலர்களிடம் சோதித்தார்கள். நடக்கவும் ஓடவும் மிதிவண்டி மிதிக்கவும் வைத்து, மூச்சுக்காற்றையும் கூடவே அளந்தார்கள். இதயத்துடிப்பில் ஏழில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் அடங்கியது. பாராட்ட வேண்டிய துல்லியம். கலோரியில் நிலைமை தலைகீழ்: சிறந்த கருவியின் சராசரிப் பிழையே 27 சதவீதம், மோசமானதற்கு 93 சதவீதம். அதற்குப் பிறகு கருவிகள் மேம்பட்டிருக்கின்றன. ஆனாலும் துடிப்பிலிருந்து கலோரிக்குத் தாவும் அந்த ஒரு அடி இன்னும் ஊகம்தான். இதயம் உழைப்புக்காக மட்டும் துடிப்பதில்லை. சித்திரை வெயிலில் நடந்தால் தோலைக் குளிர்விக்க ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் துடிப்பு ஏறும், காபி குடித்தால் ஏறும், பயந்தால் ஏறும், ரத்தசோகை இருந்தால் எப்போதுமே ஏறியிருக்கும். ஆக்சிஜன் செலவு அதே அளவு ஏறியிருக்காது. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நேர்மாறாக, உழைத்தும் துடிப்பு அவ்வளவாக ஏறாது.

கையசைவை நம்பும் கணக்கும் இப்படியே. கேரியரைப் பிடித்துக்கொண்டு நிறைசுமையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவரின் மணிக்கட்டு அசைவதே இல்லை. தலைச்சுமைக்காரர் தூக்கிப் போகும் எடை அசைவை அளக்கும் எந்த முடுக்கமானிக்கும் தெரியாது. சுமையின் எடையைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. கென்யாவில் லுவோ, கிக்கூயூ இனப் பெண்களை அளந்து 1986இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு, தங்கள் எடையில் ஐந்திலொரு பங்கு வரை அவர்கள் கூடுதல் ஆக்சிஜன் செலவே இல்லாமல் சுமந்ததைக் காட்டியது. சிறுவயது முதல் சுமந்து பழகிய உடல், நடையிலேயே சிக்கனத்தைக் கற்றிருக்கிறது. அதே சுமையைப் பழக்கமில்லாத ராணுவ வீரர் முதுகில் சுமந்தால் செலவு ஏறுகிறது. பழக்கம் என்ற ஒன்றுக்கு எந்தச் சூத்திரத்திலும் இடமில்லை.

எந்தக் கருவியும் இல்லாமல் பள்ளி இயற்பியலை வைத்தே ஒரு கணக்கைச் சரிபார்க்க முடியும் என்பதையும் காட்டிவிடுகிறேன். திருச்சி மலைக்கோட்டைப் பாறையின் உயரம் 83 மீட்டர். 60 கிலோ எடையை அவ்வளவு உயரம் தூக்கத் தேவையான ஆற்றல் 60 × 9.8 × 83. அதாவது 48,800 ஜூல். கிலோகலோரியில் 12க்கும் குறைவு. தசை தான் எரிப்பதில் நான்கிலொரு பங்கையே வேலையாக மாற்றுகிறது, மிச்சம் வெப்பமாகப் போகிறது. எனவே நான்கால் பெருக்குங்கள்: 47. மூச்சிரைக்க மலைக்கோட்டை ஏறி உச்சிப்பிள்ளையாரைக் கும்பிட்டவர் அதற்காக எரித்தது ஏறத்தாழ ஓர் இட்லி. இதைச் சொன்னால் வகுப்பில் எப்போதும் ஏமாற்றம்தான் பரவும். அந்த ஏற்றத்தால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் தொடைத் தசைக்கும் கிடைப்பதை இந்த 47 சொல்லாது. ரத்தச் சர்க்கரை இறங்குவது, ரத்த அழுத்தம் தணிவது, வயதானவர் கீழே விழாமல் நடப்பது எதுவும் கலோரியில் எழுதப்படுவதில்லை. கலோரியை மட்டும் பார்த்துப் பயிற்சியை மதிப்பிடுகிறவர் அதன் பெரும்பகுதியைப் பார்க்காமலே விடுகிறார்.

இன்னொரு பிழை, எண்ணைப் படிப்பதில் வருவது. நடைக்கு 210 என்றோமே, அதற்குள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஆகியிருக்கக்கூடிய 50, 60 அடங்கியிருக்கிறது. நடந்ததால் கூடுதலாக எரிந்தது 150தான். பல இயந்திரங்கள் மொத்தத்தையே காட்டுகின்றன. அதைப் பார்த்துவிட்டு, 210 எரித்தேன், 210க்குச் சாப்பிடலாம் என்று போகிறவர், ஓய்வுச் செலவை இரண்டு முறை கழித்துக்கொள்கிறார். பிழையான எண்ணை வங்கிக் கணக்கின் இருப்புப்போல் எடுத்துச் செலவழிக்கும் இந்தப் பழக்கத்தால்தான் மாதக்கணக்கில் நடந்தும் எடை இறங்கவில்லை என்று பலர் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். சர்க்கரை நோயுள்ள ஒருவர் நடைப்பயிற்சியைக் கைவிடுவது சிறிய இழப்பு இல்லை. 7,700 கிலோகலோரி எரித்தால் ஒரு கிலோ குறையும் என்ற விதியும் இதில் சேர்ந்துகொள்கிறது. மேக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி 1958இல் பவுண்டுக்கு 3,500 என்று போட்ட கணக்கு அது. எடை குறையக் குறைய உடலின் செலவும் சுருங்குவதால் நீண்ட நாளைக்கு அது செல்லாது என்று கெவின் ஹால் போன்ற ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள்.

உடல் இன்னும் ஆழமாகவும் ஈடுகட்டக்கூடும். இதை அறிய உதவியது இரட்டைக் குறியிட்ட நீர். கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கொண்ட நீரைக் குடிக்கவைப்பார்கள். ஹைட்ரஜன் நீராக மட்டும் வெளியேறும். ஆக்சிஜன் நீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறும். ஒன்றிரண்டு வாரங்களில் எடுக்கும் சிறுநீர் மாதிரிகளில் இரண்டும் குறையும் வேகத்தின் வித்தியாசமே கரியமில வாயுவின் அளவு. நாதன் லிஃப்சன் குழுவினர் 1955இல் எலிகளில் நிரூபித்த முறை இது. விலை காரணமாக மனிதர்களுக்கு வர 1982 ஆயிற்று. முகமூடி இல்லை, அறை இல்லை. அவரவர் வாழ்க்கையை அவரவர் வாழலாம். இந்த முறையில் தான்சானியாவின் ஹட்ஸா வேட்டைச் சமூகத்தாரை அளந்த ஹெர்மன் பாண்ட்ஸர் குழுவினர் 2012இல் சொன்னது பலரைத் திடுக்கிட வைத்தது. கிழங்கு தோண்டியும் வேட்டைக்கு நடந்தும் வாழும் அவர்களின் மொத்த நாள் செலவு, உடல் அளவைக் கணக்கில் எடுத்தால், நகரத்து அமெரிக்கர்களின் செலவிலிருந்து வேறுபடவில்லை. நீண்ட காலம் உழைக்கும் உடல் வேறெங்கோ செலவைக் குறைத்துக்கொள்கிறது என்பது பாண்ட்ஸரின் கருத்து. எவ்வளவு குறைத்துக்கொள்கிறது, எல்லாருக்கும் அப்படியா என்பதில் விவாதம் நடக்கிறது. எனக்கு அவருடைய தரவில் சந்தேகமில்லை. ஆனால் ஹட்ஸாக்களை வைத்து, உழைப்பாளிக்குக் கூடுதல் உணவு வேண்டாம் என்று யாராவது முடிவு கட்டினால் அதை எதிர்ப்பேன். உணவு போதாத உடல் செலவைச் சுருக்கிக்கொள்வதும், வயிறார உண்ணும் உடல் சுருக்கிக்கொள்வதும் ஒன்றாகிவிடா.

இங்கேதான் லவாய்சியரின் கேள்வி திரும்ப வருகிறது. நம் நாட்டில் உழைப்பின் கலோரிக் கணக்கு ஒரு காலத்தில் சட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தது. 1979இல் திட்டக்குழுவின் பணிக்குழு, கிராமத்தில் ஆளுக்கு 2,400, நகரத்தில் 2,100 கிலோகலோரி என்று வைத்து வறுமைக் கோட்டை வரைந்தது. அந்த 300 வித்தியாசம் கிராமத்தின் உடலுழைப்புக்காக. 2009இல் டெண்டுல்கர் குழு அந்தப் பிணைப்பை விட்டுவிட்டது. குன்னூரில் மருத்துவர் மக்காரிசன் தொடங்கிய சிறிய ஆய்விலிருந்து வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு மாறிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் தந்த பரிந்துரையில், உட்கார்ந்து வேலை செய்யும் 55 கிலோ எடைப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,660 கிலோகலோரி. கடும் உழைப்பில் இருப்பவருக்கு 2,720. இடையிலுள்ள 1,060 முழுவதும் உழைப்பின் மதிப்பீடு. கேழ்வரகுக் களியாகவோ சோறாகவோ எண்ணெயாகவோ ஒரு குடும்பத்தின் சமையலறையில் இருந்தாக வேண்டிய 1,060. நகரத்து வாட்ச் 27 சதவீதம் பிசகினால் ஒரு வடை கூடும் குறையும். இந்த எண் அதே அளவு பிசகினால் ஒரு பெண் நாள்தோறும் பசியோடு படுக்கிறார்.

வயல் வேலையை யாரும் அளக்காமல் இல்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் களையெடுக்கும் கருவிகளையும் உழும் இயந்திரங்களையும் இயக்குகிறவர்களின் ஆக்சிஜன் செலவை அளந்திருக்கிறார்கள். அவர்கள் நோக்கம் கருவியை மேம்படுத்துவது. நான் கேட்பது உழைக்கிறவரின் தட்டை மையமாக வைத்த அளவு. கரும்பு வெட்டுகிறவர், உப்பளத்தில் வாருகிறவர், செங்கல் சூளையில் சுமக்கிறவர், நடவு நடுகிற பெண், தெருக்கூட்டுகிற பெண். இன்றைக்கு டக்ளஸ் பையின் வேலையை ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள பெட்டி செய்கிறது. முகமூடியை மாட்டிப் பெட்டியை முதுகில் கட்டிவிட்டால் ஒவ்வொரு மூச்சையும் பதிவு செய்யும். இந்தக் கருவி நம் விளையாட்டு அறிவியல் ஆய்வகங்களில் இருக்கிறது. ஓட்டப்பந்தய வீரர்களுக்குப் பயன்படுகிறது. அதே கருவியை ஒரு பருவத்துக்குத் தூத்துக்குடி உப்பளத்துக்குக் கொண்டுபோகலாம். காலை வேளையில் ஓய்வுச் செலவை முதலில் அளக்க வேண்டும்; ஹாரிஸையோ மிஃப்ளினையோ கேட்கக் கூடாது. உடலில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ரத்தசோகை இருக்கிறதா என்று ஹீமோகுளோபின் சோதித்து, இருந்தால் மருந்தும் கொடுத்துவிட வேண்டும். பிறகு வெயில் ஏறுவதற்கு முன் ஒரு முறை, ஏறிய பின் ஒரு முறை வேலையின் செலவை அளக்க வேண்டும். சம்மதம் கேட்டு, அளக்கும் நாளுக்குக் கூலி கொடுத்து, கிடைத்த எண்ணை அவரவர் மொழியில் அவரவர் கையில் எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கே அமர்ந்திருக்கும் முதுகலை மாணவியரில் இரண்டு பேர் முன்வந்தால், ஆய்வுத் திட்டத்தை எழுதித் தரவும் களத்துக்குக் கூட வரவும் நான் தயாராக இருக்கிறேன். உப்பளத்தில் வேலை ஜனவரியில் தொடங்கிவிடும். அதற்குள் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும்.